பெந்தோட்டையின் துணிக் கூரை

இலங்கையின் தென்மேற்குக் கரையில், பெந்தோட்டை ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே, 1960களின் இறுதியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா ஒரு விடுதியைக் கட்டினார். வருகிறவர் முதலில் கரடுமுரடான கல் சுவர்களுக்கு இடையே மங்கலான படிக்கட்டில் ஏற வேண்டும். மேலே வந்து அண்ணாந்தால் வரவேற்புக் கூடத்தின் கூரை முழுவதும் வண்ணத் துணி. ஈனா த சில்வா என்ற கலைஞர் செய்த பத்திக் அது.

சொகுசு விடுதிக்கு உள்ளூர் மரபுக் கலை வேண்டும் என்றால், கட்டடம் முடிந்த பிறகு படங்களை வாங்கிச் சுவரில் மாட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பெந்தோட்டையில் கலையே கூரையானது. துணியைத் தலைக்கு மேல் கட்டுவது அந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. விகாரைகளில் புனிதப் பொருள்களுக்கு மேலே விதானம் கட்டுவார்கள். தம்புள்ளைக் குகைகளில், மேடுபள்ளமான பாறைக் கூரை பந்தல் விரித்தாற்போல ஓவியங்களால் நிறைந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழர் வீடுகளில் நன்மை தீமைகளுக்கு ‘வெள்ளை கட்டும்’ வழக்கம் இருந்தது. மழையும் வெயிலும் கொட்டும் நாட்டில், மேலே துணி கட்டுவதே ஒரு மரியாதை.

பத்திக் என்பது வண்ணம் பூசும் கலை அல்ல, வண்ணத்தைத் தடுக்கும் கலை. பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. அது தண்ணீரை விரும்பும். நீரில் கரைந்த சாயத்தையும் அதோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். மெழுகு தண்ணீரை அண்டவிடாது. உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் முக்கினால், மெழுகு படிந்த இடம் பழைய நிறத்திலேயே நிற்கும். மஞ்சளில் முக்கி, மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடி, அடுத்துச் சிவப்பு, அதன்மேல் இன்னும் கருத்த நிறம் என்று போவார்கள். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றும்போதுதான் முழு ஓவியமும் தெரியவரும். அதுவரை கைவினைஞர் தன் மனக்கண்ணில் மட்டுமே அதைப் பார்த்தபடி வேலை செய்கிறார். இந்தப் பொறுமை எனக்குத் தீராத வியப்பு.

இதில் வெப்பம்தான் எல்லாம். தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியஸில் உருகும். சூடு போதாவிட்டால் மெழுகு இழைக்குள் இறங்காமல் மேலேயே உறைந்துவிடும். சாயம் அடிவழியாகப் புகுந்து கோட்டைக் கெடுக்கும். சாயத்தொட்டி சூடாக இருந்தாலோ மெழுகே இளகிப்போகும். ஆகவே குளிர்ந்த நீரிலேயே பிடிக்கும் சாயம் வேண்டும். நீலி அப்படிப்பட்டது. சோழமண்டலக் கரையின் பழைய துணிகளில் நீலம் ஏற்றும்போது மற்ற இடங்களை மெழுகால் மூடியதும், தஞ்சைப் பக்கத்துக் கோடாலிக்கருப்பூர்ச் சேலைகள் மெழுகோடு உருவானதும் இதே வேதியியல்தான். 1956இல் சந்தைக்கு வந்த வினைபுரி சாயங்கள் குளிர்நீரில், காரம் சேர்த்தால், செல்லுலோஸோடு நேரடி வேதிப்பிணைப்பையே ஏற்படுத்துகின்றன.

பாரஃபின் மெழுகு தேன்மெழுகைவிட எளிதில் நொறுங்கும். துணியைக் கசக்கினால் அதில் விரிசல் விழும். விரிசலுக்குள் சாயம் புகுந்து மெல்லிய நரம்புகளாக ஓடும். எந்த இரண்டு துணியிலும் இந்த நரம்புகள் ஒன்றாக அமைவதில்லை. அச்சுத் துணியில் இல்லாத உயிர் பத்திக்கில் இருப்பதற்கு இதுவே காரணம் என்பேன்.

துணிக்கு முதல் எதிரி ஒளி. புற ஊதாக் கதிரும் கட்புல ஒளியும் சாய மூலக்கூறின் பிணைப்புகளை உடைக்கின்றன. பட்ட சேதம் திரும்பாது, கூடிக்கொண்டே போகும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியே போதும் என்கின்றன. நேர் வெயிலோ 1,00,000 லக்ஸ் வரை போகும். அகன்ற தாழ்வாரத்துக்கு உள்ளே கூரையில் கட்டிய துணிக்கு நேர் வெயில் படாது. தரையிலும் முற்றத்துத் தண்ணீரிலும் பட்டுத் திரும்பும் ஒளியே போய்ச் சேரும். வழியில் அதன் வலிமை குறைந்துவிடும். பார்க்க அழகான இடமும் துணிக்குப் பாதுகாப்பான இடமும் இங்கே ஒன்றாகவே அமைந்தன. ஈரம்தான் விடாத தொல்லை. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் கரையோரத்தில் அது அன்றாடம்.

1997இல் காலி நகரருகே பாவா முடித்த விடுதியில் வேறு பொருள் வந்தது. அங்கே சுழல் படிக்கட்டைச் சுற்றி, போர்த்துக்கேயருக்கும் சிங்களப் படைக்கும் 1630இல் நடந்த ரந்தெனிவெலப் போரைச் செம்பிலும் பித்தளையிலும் கலைஞர் லக்கி சேனாநாயக்க வடித்தார். உப்புக்காற்றில் இரும்பு செதில் செதிலாக உதிரும். செம்போ மேலே இறுகப் படியும் ஒரு படலத்தை உண்டாக்கிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கடலோரத்துக்கு அது சரியான தேர்வு.

துணிக்கு அப்படிப்பட்ட கவசம் இல்லை. அதற்கு இருப்பது செய்யத் தெரிந்த கைகள் மட்டுமே. ஈனா 1980களில் மாத்தளையருகே அலுவிகாரைக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களுக்கு பத்திக்கும் தையல் பூவேலையும் கற்பிக்கும் பட்டறையை வளர்த்தார். 2015இல் அவர் மறைந்தார். பெந்தோட்டை விடுதி, பாவாவிடம் பயின்ற சன்ன தஸ்வத்தவின் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டபோது, அந்தக் கூரைக்கு மீண்டும் பத்திக்கே வந்தது.

விடுதிகளுக்குக் கலைப்பொருள் தேர்ந்தெடுப்போரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாங்கும் முன்பே, இருபது ஆண்டு கழித்து இதைத் திரும்பச் செய்யப்போவது யார் என்று கேளுங்கள்; அந்தப் பட்டறைக்கும் ஒரு பங்கு பணம் ஒதுக்குங்கள்.