பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்பா, பந்தயமா?

கல்கிசையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் பழைய வீடுகள் சில இன்னும் எஞ்சி நிற்கின்றன. அவற்றின் பின்விறாந்தைகளில், உடைந்த கதிரைகளுக்கும் வெற்றுத் தகரங்களுக்கும் நடுவே, சாக்குப் போர்த்திய மோட்டார் சைக்கிள் ஒன்று சாய்ந்து நிற்பதைக் காணலாம். சாக்கை விலக்கினால், சில்லுக்கு மேலே உயர்ந்து நிற்கும் மட்காட்டும், கட்டைகட்டையாகப் பல் வைத்த டயரும், அகன்ற கைபிடியும் தெரியும். அது நகரத் தெருவுக்கென ஆக்கப்பட்ட வண்டியன்று. காட்டுப் பாதைக்கும் கல்லுப் பாதைக்கும் ஆக்கப்பட்டது. ட்ரெயில் வண்டி என்பது அதன் பெயர்.

இத்தகைய வண்டியுள்ள வீட்டில் ஒரு வழக்கும் இருப்பது இயல்பு. அதை வாங்கி ஓட்டிய மூத்தவர், வண்டி பிறந்த நாளில் இருந்த கோலத்துக்கு மீள வேண்டும் என்பார். இளையவரோ, விளக்கையும் பக்க மூடிகளையும் கழற்றி எறிந்துவிட்டுப் பந்தயத் திடலில் இறக்க வேண்டும் என்பார். இரண்டும் நேர்மையான ஆசைகளே. ஆயினும் ஒன்றைச் செய்தபின் மற்றதைச் செய்வது எளிதன்று. ஆகவே, கையில் சாவியை எடுப்பதற்கு முன்னர் சிந்திக்க வேண்டியவை எவை என ஆராய்வது நன்று.

முதலில் இவ்வண்டியின் குலத்தை அறிதல் வேண்டும். 1968ஆம் ஆண்டில் யப்பானிய யமஹா நிறுவனம் டி.டி. 1 என்ற 250 சீ.சீ. வகுப்பு வண்டியை விற்பனைக்கு விட்டது. அதற்கு முன்னர் கரடுமுரடான பாதையில் செல்ல விரும்பியோரிற் பலர், தெருவுக்கென ஆக்கப்பட்ட பாரமான வண்டிகளையே மாற்றியமைத்து ஓட்டினர். டி.டி. 1 இலேசானது, வீதியிலும் செல்லும், காட்டிலும் செல்லும். அதன் வெற்றியைக் கண்டு சுசுக்கி, கவாசாக்கி முதலிய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. 125, 175, 185 சீ.சீ. அளவுகளில் சிறிய வண்டிகளும் பின்னர் பெருகின. இவற்றுட் பெரும்பாலானவற்றின் உயிர், ஈரடிப்பு எஞ்சின்.

ஈரடிப்பு என்பதன் பொருள் யாது? வழக்கமான நாலடிப்பு எஞ்சினில் பிஸ்டன் நான்கு அசைவுகள் அசைந்தால்தான் ஒருமுறை எரிபொருள் வெடித்துச் சக்தி பிறக்கும். ஈரடிப்பில் இரண்டே அசைவுகளில் அது நிகழ்கின்றது. பிஸ்டன் மேலே செல்லும்போது, அதன் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் காற்றும் பெற்றோலும் கலந்து புகுகின்றன. அது கீழே வரும்போது அக்கலவை அமுக்கப்பட்டு, சிலிண்டரின் சுவரிலுள்ள துவாரங்கள் வழியாக மேலே ஏறி, எரிந்த புகையை வெளியே தள்ளுகின்றது. வால்வும் இல்லை, அதைத் தூக்கும் பொறியும் இல்லை. எளிமையும் இலேசும் வேகமும் இதனால் வாய்த்தன.

எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. புகையைத் தள்ளும் புதிய கலவையில் ஒரு பகுதி, எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். கிராங்க் அறையில் கலவை நிற்பதால், அங்கே ஒயிலைத் தேக்கி வைக்க முடியாது. ஒயிலைப் பெற்றோலோடு சேர்த்தே எரிக்க வேண்டும். நீலப் புகையும் தனி மணமும் அதனால் எழுந்தவை. உலகெங்கும் புகைச் சட்டங்கள் இறுகியபோது இவ்வகை எஞ்சின்கள் வீதியிலிருந்து மெல்ல மறைந்தன. உலகக் கிண்ண வீதிப் பந்தயங்களின் உயர்ந்த வகுப்பிலும் 2002ஆம் ஆண்டு முதல் பெரிய நாலடிப்பு வண்டிகள் புகுந்தன, 500 சீ.சீ. ஈரடிப்புகள் விரைவில் விடைபெற்றன. ஆகவே பின்விறாந்தையில் நிற்கும் வண்டிக்கு இனித் தம்பி பிறக்கப் போவதில்லை. அறுத்தெறியும் ஒவ்வொரு வண்டியாலும் எஞ்சியவற்றின் தொகை ஒன்று குறைகின்றது.

ஈரடிப்பு எஞ்சினின் புகைக்குழாய் பற்றியும் ஒரு சொல். அது புகையை அப்பால் அனுப்பும் வெறுங் குழாய் அன்று; எஞ்சினின் ஓர் உறுப்பே ஆகும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்திலிருந்த வால்ட்டர் காடன் என்ற பொறியியலாளர், குழாயின் நடுவை அகலமாக்கி முனையை ஒடுக்கினால், புகையின் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியேற முயலும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள் மீளத் தள்ளும் என்பதைப் பந்தய வண்டிகளிற் செய்து காட்டினார். அந்நிறுவனத்தின் ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்குக்குத் தப்பியோடி, அறிந்தவற்றோடு சுசுக்கியிற் சேர்ந்தார். 1962இல் 50 சீ.சீ. உலகப் பட்டத்தை வென்றார். இதிலிருந்து பெறும் பாடம் ஒன்று. குழாயை மாற்றினால் வண்டியின் குணமே மாறும். பந்தயக் குழாய் உயர்ந்த வேகத்திற் சக்தி தரும். மெதுவாகச் செல்லும்போது வண்டி சோர்ந்து நிற்கும். பழைய குழாயைத் துருப்பிடித்த இரும்பு என்று பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவது, எஞ்சினின் பாதியைக் கொடுத்துவிடுவதற்கு ஒப்பாகும்.

இனி, கடற்கரை வாழ்வு இவ்வண்டிகளுக்குச் செய்யும் தீங்கைக் கவனிக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை வீசும் காற்றில் உப்பு உண்டு. அது கம்பிகளையும் றிம்மையும் அரிப்பது கண்ணுக்குத் தெரியும். சட்டத்தின் குழாய்களுக்குள்ளும், ஒட்டு வைத்த மூட்டுகளிலும் அது செய்யும் அரிப்புத் தெரியாது. மேலும், கிராங்க் தண்டின் இரு புறமும் காற்றுப் புகாதபடி அடைத்து நிற்கும் றப்பர் வளையங்கள், நெடுங்காலம் ஓடாது நின்றால் காய்ந்து இறுகும். அவற்றின் வழியே காற்றுக் கசிந்தால், கலவையில் பெற்றோல் குறையும். அதனோடு ஒயிலும் குறையும். சூடு மிகும். அலுமினியப் பிஸ்டன், தன்னைச் சுற்றியுள்ள இரும்புச் சிலிண்டரைவிட விரைவாக விரிந்து அதனோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடும் வேகத்தில் பின்சில்லு நின்றுவிடும். ஓட்டுபவர் அக்கணமே கிளச்சை இழுக்காவிட்டால் விழுவார். பழைய வண்டியை உதைத்ததும் முழங்கிவிட்டது என்று மகிழ்ந்து, அன்றே காலி வீதியில் ஓட்டிப் பார்ப்பவர் இந்த ஆபத்தையே தேடிக்கொள்கிறார்.

ஆகவே தீர்மானத்துக்கு முன் நான்கு பரிசோதனைகள் தேவை.

முதலாவது, பத்திரம். பதிவுப் புத்தகம் உண்டா, அதிலுள்ள இலக்கங்கள் சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த இலக்கங்களோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்திருந்தால் அவ்வண்டி வீதிக்குத் திரும்ப வழியுண்டு. புகைப் பரிசோதனையையும் அது கடக்க வேண்டியிருக்கும். ஒவ்வாவிட்டால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் கேட்டுத் தெளியாமல் ஒரு சதமும் செலவிடலாகாது.

இரண்டாவது, சட்டம். வர்ணத்தைச் சுரண்டி மூட்டுகளைப் பார்க்க வேண்டும். வளைந்ததும் வெடித்ததுமான சட்டம் பந்தயத்துக்கும் ஆகாது, வீதிக்கும் ஆகாது.

மூன்றாவது, சிலிண்டர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது வழக்கம். அப்பிஸ்டன்கள் பெரும்பாலும் 0.25 மில்லிமீற்றர் படிகளாக, 1.00 மில்லிமீற்றர் வரை கிடைக்கும். எனவே சிலிண்டருக்கு உள்ள ஆயுள் ஏறத்தாழ நான்கு கடைசல்களே. வீதியில் அமைதியாக ஓடும் வண்டிக்கு ஒரு கடைசல் பல ஆண்டுகள் போதும். பந்தயத்தில் ஒரே பிற்பகலில் ஒரு படி கரைந்துவிடலாம். முதலிலே எத்தனை படி செலவாகிவிட்டது என்பதை அறியாமல் பந்தயம் பேசுவது, பெட்டியைத் திறவாமல் சீதனம் பேசுவது போன்றது.

நான்காவது, உறுப்புகள். வேகமானி, விளக்கு, பக்க மூடி, பழைய குழாய் ஆகியவை உள்ளனவா? பிஸ்டனும் பேரிங்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படலாம், வெளிநாட்டிலிருந்தும் வரவழைக்கலாம். அந்தந்த ஆண்டுக்குரிய மூடிகளும் கருவிகளும் கிடைப்பதே அரிது. முழுமையாக நிற்கும் வண்டியே புதுப்பிக்கத் தகுந்தது.

பந்தயத்தின் பக்கமும் நியாயம் உண்டு. பொறி என்பது ஓடுவதற்கே பிறந்தது என்பர் அக்கட்சியார். இலங்கையில் பந்தயத்துக்கு நீண்ட மரபும் உண்டு. நுவரெலியாவின் மஹகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் ஆரம்பமானது. பிற்காலத்தில் தியத்தலாவை, மின்னேரியா முதலிய இடங்களில் இராணுவத்தினரின் ஆதரவோடு மண் திடற் பந்தயங்கள் நடந்தன. ஆனால் இன்றைய திடல், பழைய வண்டிக்கு ஏற்றதன்று. இக்கால மோட்டோகிராஸ் வண்டியின் சில்லு ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் ஏறியிறங்கும். உயரப் பாய்ந்து விழுவதற்கென்றே திடல் அமைக்கப்படுகின்றது. பின்னால் இரு பக்கமும் சுருள்வில் வைத்த பழைய ட்ரெயில் வண்டியின் பின்சில்லு அதிற் பாதியும் அசையாது. விழும் அதிர்ச்சி முழுவதும் துருவேறிய சட்டத்துக்கும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்குமே போய்ச் சேரும். டிரம் பிறேக்கும் அவ்வேகத்துக்கு ஈடுகொடாது.

பந்தயத்தின் ஆபத்து ஓட்டுபவரோடு நிற்பதுமில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்திற் கார் ஒன்று பாதையை விட்டுப் பாய்ந்ததில் ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். அமைப்பாளரும் வைத்தியரும் நின்ற இடத்திலேயே அவ்வாறு நேர்ந்ததென்றால், நள்ளிரவிற் கடற்கரை வீதியில் வேகம் பார்ப்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

புதுப்பிப்பவரும் ஓர் எச்சரிக்கையை ஏற்க வேண்டும். பளபளக்கும் வர்ணத்துக்குக் கீழே காய்ந்த றப்பரையும் தேய்ந்த பேரிங்கையும் மறைத்து வைப்பது புதுப்பிப்பு ஆகாது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீளத் திறக்கப்படும் வரை பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. அவ்வேற்றத்தைக் கண்டு, விற்பதற்கென்றே மேற்பூச்சுப் பூசியோரும் உண்டு. கிராங்க், அடைப்பு வளையம், பிறேக், டயர் என்ற வரிசையிற் பணத்தைச் செலவிட்டு, மிஞ்சியதை வர்ணத்துக்கு வைப்பதே முறை.

தீர்ப்பு இனித் தெளிவு. பத்திரமும் உறுப்பும் நிறைந்த வண்டியை அறுக்கலாகாது. அது புதுப்பிக்கப்பட்டு, வீதியிலும் தோட்டப் பாதையிலும் அமைதியாக ஓடட்டும். பந்தய ஆசை உண்மையானால், அதற்கென ஆக்கப்பட்ட வண்டியொன்றைத் தேடி, பயிற்சியோடும் தலைக்கவசத்தோடும் உரிய திடலில் இறங்கட்டும். பத்திரமும் இல்லாமல், பாதி உறுப்பும் இல்லாமல் எஞ்சியது, சட்டமாவது உறுதியாக இருந்தால், மூடிய திடலிற் பழகுவதற்கு உதவும். சட்டமும் பழுதானால், பிற வண்டிகளுக்கு உறுப்புத் தந்து உதவும். எவ்வழியை எடுத்தாலும், கழற்றிய ஒவ்வொன்றையும் பெயரெழுதிப் பெட்டியில் இட்டு வைப்பது அறிவுடைமை. இன்று தேவையற்றதென்று தோன்றும் மூடியை, பத்தாண்டு கழித்து அதே இளையவர் தேடக்கூடும்.

மூத்தவரும் இளையவரும் ஒரே விறாந்தையில் அமர்ந்து, ஒருவர் சாவியும் மற்றவர் எண்ணெய்த் துணியுமாக அந்தக் கிராங்க் அறையைத் திறக்கும் மாலையில், வழக்குப் பாதி தீர்ந்துவிடும். அவ்வண்டி எந்தெந்தப் பாதைகளில் ஓடியது என்பதை இளையவர் கேட்டறியும் சந்தர்ப்பமும் அதுவே. அக்கதையைக் கேட்டபின், சட்டத்தை அறுக்கும் வாளை எடுக்க அவருடைய கை சற்றுத் தயங்கும்.