கடற்றொட்டியும் அதன் குழாயமைப்பும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே பாலமீன்மடுவுக்கு அண்மையிலும் தெற்கே கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கின்றது. கார்த்திகை, மார்கழி மாதங்களிலே மாரி வெள்ளம் வாவியை நிரப்ப, அதன் நீர் நன்னீரை ஒத்துவிடும். கோடையிலே முகத்துவாரத்தை மணல் அடைக்கும். வெள்ளம் வயல்களை மூடிவிடுமென்னும் அச்சம் எழுந்தக்கால் அம்மணற்றிட்டு வெட்டப்படும். எப்பொழுது வெட்டுவது என்பதில் வேளாண்மை செய்வோரும் மீன்பிடிப்போரும் எளிதில் ஒருமனப்படுவதில்லை. நீர் எவ்வுயரத்தில் நிற்றல் வேண்டும், மிகுந்தது எவ்வழியாற் செல்லுதல் வேண்டும் என்பதே அங்குள்ள வினா. வீட்டிலே கடல்நீர்த் தொட்டி அமைக்கப் புகுவோன் முதலில் விடைகாண வேண்டிய வினாவும் இதுவேயாம். பெரும்பாலோர் மீனைப்பற்றி முதலில் எண்ணிக் குழாயைப்பற்றி இறுதியில் எண்ணுகின்றனர். அதன் பயனைத் தரையிலே காண்கின்றனர்.

கடலுயிர்களைக் கண்ணாடியினுள் வைத்துப் பேணும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே இங்கிலாந்தில் வளர்ந்தது. 1853 ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் மீனகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே பிலிப்பு என்றி கொசு என்பார் இதுபற்றி எழுதிய நூல் வெளிவந்து பலரையும் இத்துறைக்கு ஈர்த்தது. தமிழ்நாட்டிலே 1909 இல் சென்னைக் கடற்கரையில் ஒரு மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டுப் புகழ்பெற்று விளங்கி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. 1961 இல் சகார்த்தா நகரத்து இலீ சின் எங் என்பார், உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மாத்திரமே துணைக்கொண்டு பவளங்களை வளர்க்கும் முறையை எழுதி வெளியிட்டார். வெப்பநாட்டுக் கடலோரத்தில் வாழ்வோருக்கு அவருடைய வழி இன்றும் கருத்தூன்றத் தக்கது.

இனி நீரைப்பற்றி நோக்குவாம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுட் குளோரைட்டு 55 வீதம், சோடியம் 31 வீதம். எஞ்சியவை சல்பேற்று, மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் முதலியன. ஆதலின் சமையலுப்பைக் குழாய்நீரிற் கரைத்தாற் கடல்நீர் கிடைக்குமென்பது பிழை. வாவிநீரும் இதற்கு ஏற்றதன்று. அதன் உவர்ப்பு பருவந்தோறும் மாறுவது. கல்லடிப் பக்கத்துத் திறந்த கடலிலே, மழையற்ற மாதங்களில், முகத்துவாரத்துக்கு எட்டி நின்று நீரை மொண்டு, துணியால் வடித்து, மூடிய கலங்களிலே சில நாள் இருளில் வைத்துப் பயன்படுத்தல் தக்கது. மாரிக் காலத்தில் மொள்ளுவோர் நீர்மானி கொண்டு அளந்தே மொள்ளல் வேண்டும். தன்னீர்ப்பு 1.025 அளவினதாயின் அந்நீர் கடலினது. அதனினும் மிகக் குறையின் வாவியின் பங்கு அதிற் கலந்துள்ளதென்க.

குழாயமைப்பே இம்முயற்சியில் மிகுந்த கருத்தை வேண்டுவது. எடுத்துக்காட்டாக, நீளம் 120 சதமமீற்றரும் அகலமும் உயரமும் தனித்தனி 45 சதமமீற்றருமான தொட்டியொன்றைக் கொள்வோம். அதன் கீழே, மேசையினுள், 60 சதமமீற்றர் நீளமும் 40 சதமமீற்றர் அகலமும் 40 சதமமீற்றர் உயரமுமுடைய கீழ்த்தொட்டி ஒன்று உளது. மேற்றொட்டியின் நீர் ஒரு வழிவாயின் விளிம்பைத் தாண்டிக் குழாய்வழியே கீழிறங்கும். கீழே அழுக்கு நீங்கப்பெற்று, பம்பியால் மீண்டும் மேலேற்றப்படும். மேற்றொட்டியின் நீர்மட்டத்தை அவ்விளிம்பே தீர்மானிக்கின்றது. முகத்துவார மணற்றிட்டின் தொழிலும் இதுவன்றோ!

மின் நின்றால் யாது நிகழும்? வழிவாய் விளிம்புவரை மாத்திரமே நீரை இறக்கி நின்றுவிடும். ஆனால், நீரை மேலேற்றிய குழாயின் வாய் நீருள் அமிழ்ந்திருப்பின், அக்குழாய் இப்பொழுது சைபனாகி நீரைக் கீழே இழுக்கத் தொடங்கும். வாயிற் காற்றுப் புகும்வரை அது ஓயாது. மேற்றொட்டியின் பரப்பு 5,400 சதுர சதமமீற்றர். எனவே ஒரு சதமமீற்றர் நீர்மட்டம் இறங்கினால் 5.4 இலீற்றர் கீழே வரும். குழாய்வாய் 10 சதமமீற்றர் ஆழத்தில் இருந்தால் வருவது 54 இலீற்றர். கீழ்த்தொட்டியில் நீர் 25 சதமமீற்றர் உயரத்தில் நின்றதாயின், இவ்வரவால் அது மேலும் 22.5 சதமமீற்றர் உயர்தல் வேண்டும். 47.5 சதமமீற்றருக்கு அங்கு இடமில்லை. 18 இலீற்றர் உப்புநீர் தரையிற் பரவும். குழாய்வாயை 2 சதமமீற்றர் ஆழத்தில் வைத்தாலோ, இறங்குவது 10.8 இலீற்றர், கீழ்நீர் 4.5 சதமமீற்றர் உயர்ந்து அமைதியாய் நிற்கும். குழாயின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளையொன்று இடுவதும் இதே பயனைத் தரும். அத்துளையைப் பாசி அடைக்குமாதலால் வாரந்தோறும் துடைத்தல் வேண்டும். ஒருவழி வால்வை நம்பித் துளையிடாதொழிவோர் உளர். உப்புப் படிவும் மணலும் சிறு நத்தையும் அவ்வால்வை மூடவிடாமற் செய்யும் நாள் ஒன்று வருமாதலின், அந்நம்பிக்கை நன்றன்று.

மற்றோர் இடரும் உண்டு. இலையோ நத்தையோ வழிவாயை அடைத்துவிட்டாற் பம்பி தன் தொழிலை நிறுத்துமா? கீழுள்ள நீரையெல்லாம் மேலேற்றி மேற்றொட்டியை வழியச் செய்யும். மேற்றொட்டியின் நீர் 41 சதமமீற்றர் உயரத்தில் நின்றால் விளிம்புவரை எஞ்சிய இடம் 21.6 இலீற்றர். ஆகவே கீழ்த்தொட்டியைக் கண்ணாடித் தடுப்பினாற் பிரித்து, பம்பி உறிஞ்சக்கூடிய அறையில் 20 இலீற்றருக்கு மேல் நில்லாதவாறு செய்தல் வேண்டும். ஏற்றும் குழாய் ஓர் அங்குலமாயின் இறக்கும் குழாய் ஒன்றரை அங்குலமாதல் நன்று. இரண்டு இறக்குகுழாய் இருப்பின் இன்னும் நன்று.

பம்பியின்மேற் பொறித்துள்ள அளவைக் கண்டு மயங்கலாகாது. அஃது உயரமின்றி நீர் தள்ளும் அளவு. உயரம் கூடக்கூட நீர் குறையும். ஒவ்வொரு முழங்கை வளைவும் சிறிது ஓட்டத்தைத் தின்னும். பீ.வி.சி. குழாயே இதற்குப் போதியது. வெட்டிய முனையைத் தேய்த்துத் துடைத்து, பசை பூசி, ஒரு நாள் உலரவிட்டு, முதலில் நன்னீரை நிரப்பி முற்றத்திலேயே சோதித்தல் வேண்டும். பித்தளைத் திருகுபிடி, செம்புக் கம்பி, நாகம் பூசிய இரும்பு ஆகியன நீரைத் தீண்டலாகா. மிகச்சிறு அளவு செம்பும் இறால், நண்டு, நத்தை ஆகியவற்றுக்கு நஞ்சு. நாலு முழங்கை வாங்கிய கடையிலேயே அழகாயிருக்கிறதென்று பித்தளைக் குழாய்வாயும் வாங்கி வருவது பலர் செய்யும் பிழை.

தொட்டியிலிருந்து நாடோறும் நீர் ஆவியாகும், உப்போ ஆவியாவதில்லை. மேல், கீழ்த் தொட்டிகளிலே மொத்தம் 280 இலீற்றர் நீர் உளதெனக் கொள்வோம். நாளொன்றுக்கு 4 இலீற்றர் குறைந்தால் ஒரு வாரத்தில் பத்திலொரு பங்கு போய்விடும். 35 கிராம் உவர்ப்பு 39 கிராமை அணுகும். உண்மையில் அதற்கு முன்னரே பம்பியறை வற்றி, பம்பி காற்றை உறிஞ்சி இரையும். நாடோறும் ஈடுசெய்ய வேண்டியது நன்னீராலேயன்றிக் கடல்நீரால் அன்று. கச்சான் காற்று வீசும் நாட்களிலே சன்னலோரத் தொட்டியில் இழப்பு இன்னும் மிகும்.

நீரோட்டம் தொடங்கிய அன்றே மீனை இடுவது கொலைக்கு ஒப்பாகும். மீனின் கழிவிலிருந்து அமோனியா பிறக்கின்றது. அதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், மற்றொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவ்வுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் செல்லும். கடல்நீரின் காரத்தன்மையினாலும் நம் நாட்டு வெப்பத்தினாலும் அமோனியாவின் நஞ்சு இங்கே கடுமை மிக்கது. பொறுமையின்மையால் இறக்கும் மீன்களே தொகையில் அதிகம்.

வெப்பம் ஒட்சிசனையும் குறைக்கின்றது. 30 பாகை சதம வெப்பநிலையில் ஓர் இலீற்றர் கடல்நீர் தாங்கவல்ல ஒட்சிசன் ஏறத்தாழ 6 மில்லிகிராமே. ஓட்டம் நின்ற நிறைந்த தொட்டியில் அது விரைவிற் செலவாகிவிடும். 2022 மார்ச்சு இறுதியில் நாட்டிலே நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப்பம்பி ஒன்றைத் தொட்டியருகே வைத்திருப்பது வீண்செலவன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. குறைந்த மீன், மிகுந்த நீர் என்பதும் அதே காவலைத் தரும்.

எவ்வுயிர்களை வளர்ப்பது? பாசிக்குடாவையும் காயாங்கேணியையும் கண்டோர் பவளத்தை நாடுவது இயல்பே. ஆயினும் உயிர்ப்பவளம் சட்டத்தாற் காக்கப்படுவது. அதனைப் பெயர்த்தெடுத்தல் குற்றம். 1998 இல் இந்துமாக்கடல் வெப்பமுற்றபொழுது ஈழத்துப் பவளப்பாறைகள் பலவும் வெளிறின. கடலே வெப்பந் தாளாத பவளத்தை விறாந்தையிலுள்ள தொட்டி தாங்குமென எண்ணுவது பேதைமை. தொடக்கத்தில் நத்தைகளும் துறவி நண்டுகளும் சிறு இறால்களும், கடைகளிற் கிடைக்கும் கோமாளி மீன் ஓரிணையும் போதியன. வாவியிலுள்ள ஊரியைக் கொணர்ந்து இடுவோரும் உளர். 1848 இல் மட்டக்களப்புக்கு வந்த எமேசன் தெனந்து வாவியின் இன்னொலியைக் கேட்டு, அதனை எழுப்புவது ஊரியே என்று மீனவர் கூறக் கேட்டு எழுதிவைத்தார். அவ்விசையை எதிர்பார்த்துத் தொட்டியருகே இரவிற் கண்விழித்திருப்போர்க்குப் பம்பியின் இரைச்சலே கேட்கும்.