புட்டு இருக்கட்டும், பழம் சாயங்காலத்துக்கு

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்துவிட்டால் காலைச் சாப்பாட்டின் முகமே மாறிவிடும். புட்டு, சிறுபயறு, பப்படம், கூடவே ஒரு ஏத்தம்பழம். மத்தியானம் சோறும் தேங்காய் அரைத்த மீன்கறியும். சாயங்காலம் மரச்சீனிக்கிழங்கோ உண்ணியப்பமோ. இப்படிச் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணிடம் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில், “சுகர் இருக்கும்மா, இனி இதெல்லாம் தொடக் கூடாது” என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை திரும்பிப் பார்க்காத பண்டம்கூட அன்று ராத்திரி நினைவில் வந்து நிற்கும்.

கர்ப்பகாலச் சர்க்கரை நோய் அபூர்வமானது அல்ல. சென்னை மருத்துவர் வீ. சேஷையாவின் குழு தமிழ்நாட்டில் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்கும், கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கும் அது இருந்தது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்ற முடிவைத் தமிழக அரசு 2007-லேயே எடுத்துவிட்டது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் உறுதி. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. காலையில் பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியைப் பட்டினி போடாத முறை என்பதால்தான் மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் இது இடம்பிடித்தது. சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10, தேசிய கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தப்படுத்துவதுதான் இந்த நோய்க்கு அடிப்படை. தாயின் ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை நச்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். அவளுடைய இன்சுலின் போகாது. குழந்தை தானே கூடுதலாக இன்சுலின் சுரந்து, அளவுக்கு மீறிப் பருக்கும். பிறந்த கையோடு அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிப்போவதும் இதனால்தான்.

வாய்க்கு ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் பரிவை ஒதுக்கிவிட வேண்டாம். கர்ப்பிணியின் ஆசை புதிய கதை அல்ல; பச்சைப் புளிக்கு ஏங்கும் நிறைசூலிகள் குறுந்தொகையிலேயே வருகிறார்கள். புளியும் நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் அளவோடு இருந்தால் சர்க்கரையைப் பெரிதாக ஏற்றுவதில்லை. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அதோடு தொட்டுக்கொள்ளும் உப்பைத்தான் கவனிக்க வேண்டும். பச்சரிசி, சாம்பல், மண் என்று ஆசை போனால் விஷயம் வேறு. பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். அதை நர்ஸிடம் மறைக்கக் கூடாது.

இனிப்பாசையை அடக்கப் பலர் எடுக்கும் முதல் வழி பட்டினி. அதுதான் மோசமான வழி. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து தேவை என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்கிறது. சோற்றை அறவே நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும். மத்தியானம் வெறும் வயிறாகக் கிடந்தவள் சாயங்காலம் உண்ணியப்பத் தட்டின் முன்னால் ஒன்றோடு நிறுத்துவாள் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிறுதீனி என்று பிரித்துக்கொண்டால் பாதி ஆசை தானாக அடங்கும்.

மீதிப் பாதிக்கு நேரம் பார்க்க வேண்டும். இன்சுலின் மிக மந்தமாக இருப்பது காலையில். ஆகவே புட்டைக் குறைத்துப் பயறைக் கூட்டி, பழத்தை மட்டும் சாயங்காலத்துக்குத் தள்ளிவைக்கலாம். அப்போதும் முழு ஏத்தம்பழம் வேண்டாம். பாதி போதும், அதுவும் கறுத்துக் கனியாதது, கையில் கொஞ்சம் நிலக்கடலையோடு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்து மட்டிப்பழம் உருவத்திலேயே சின்னது. ஒன்று தின்றால் ஆசையும் தீரும், அளவும் மீறாது.

மரச்சீனிதான் சிக்கல். நூறு கிராம் கிழங்கில் ஏறக்குறைய 38 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதைச் சோற்றுக்கு மேல் சாப்பிடாமல் சோற்றுக்குப் பதிலாக, இரண்டு மூன்று துண்டு, நிறையச் சாளைக்கறியோடு சாப்பிட்டுப் பார்க்கலாம். இந்த ஊர்ச் சமையலின் அதிர்ஷ்டம், துணைக்கறிகளுக்குப் பஞ்சமே இல்லை. துவரனையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால், அதே சோறு சர்க்கரையை மெதுவாக ஏற்றும்.

கருப்பட்டிக்கு விதிவிலக்கு கிடையாது. நிறம் கறுப்பு என்பதற்காகவும் பனையிலிருந்து வந்தது என்பதற்காகவும் சர்க்கரை சர்க்கரை இல்லாமல் போகாது. அதில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் அதுதான். முந்திரிக்கொத்தில் பயறு இருக்கிறதே என்று சமாதானம் சொல்பவர்கள் பாகை மறந்துவிடுகிறார்கள். ‘சுகர்ஃப்ரீ’ பிஸ்கட்டிலும் மைதா இருக்கிறது. அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் உண்டு. இரண்டும் ரத்தசோகைக்கும் சத்துக்குறைவுக்கும் நல்லவை என்றாலும், சுகர் உள்ளவர் எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு சாப்பிடலாம் என்ற கேள்விக்குக் கடைசி விடை குளுக்கோமீட்டரில் இருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே இருந்தால் அந்த அளவு அந்த உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று பொருள். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது எண்ணைக் குறைக்கும். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழித் தெருவில் நடப்பது கஷ்டம்தான். வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் அதே பலன். பத்தில் ஏழெட்டுப் பேருக்குச் சாப்பாட்டு முறையும் நடையுமே போதும். இரண்டு வாரத்தில் எண் இறங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். அது நோயின் போக்கு, யாருடைய வாயடக்கக் குறையும் அல்ல. மாமியாரும் அம்மாவும் இதைப் புரிந்துகொண்டு, அவள் எதிரே முழுப் பழத்தைத் தின்னாமல் இருந்தாலே பெரிய உதவி.

பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் சுகர் இறங்கிவிடும். ஆனாலும் இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏழு மடங்கு என்று 2009-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரம் மறுபடியும் ஒரு முறை அந்த 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே அதையும் முடித்துவிடுங்கள்.