லாபி, ஃபாயே, வெஸ்டிப்யூல்: எங்கே காத்திருக்கணும்?

இன்டர்வியூவுக்குப் போறீங்க. ‘லாபியில் வெயிட் பண்ணுங்க’ என்று மெசேஜ் வருது. நீங்கள் வாசலில், கார் வந்து நிற்கும் இடத்தில் நிற்கிறீர்கள். ஹெச்.ஆர். உங்களை உள்ளே தேடுகிறார். எல்லாமே நுழைவுப் பகுதிதான். ஆனால், எல்லாம் ஒன்றல்ல.

போர்டிகோ: கட்டட வாசலுக்கு முன்னால், தூண்கள் தாங்கி நிற்கும் கூரைப் பகுதி. நம்ம ஊரில் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தையும் இப்படியே சொல்லிப் பழகிட்டோம்.

வெஸ்டிப்யூல்: வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே உள்ள சின்ன இடம். ஏ.சி. குளிர்ச்சி வெளியேறாமல், தூசி உள்ளே வராமல் தடுக்கும். இது கடந்து போவதற்கு, காத்திருக்க அல்ல. ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் மூடிய வழிக்கும் இதே பெயர்தான்.

லாபி: ரிசப்ஷன், சோபா, லிஃப்ட் எல்லாம் இருக்கும் பெரிய கூடம். சட்டமன்றக் கட்டடங்களின் லாபியில் உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டியதால்தான் ‘லாபியிங்’ என்ற சொல்லே வந்தது.

ஃபாயே: பிரெஞ்சுச் சொல். ‘கணப்பு அடுப்பு’ என்பது அதன் பழைய பொருள். தியேட்டர், ஆடிட்டோரியத்தில் இடைவேளையின்போது கூடி நிற்போமே, அந்த இடம். அமெரிக்கர்கள் வீட்டின் நுழைவுக் கூடத்தையும் இப்படிச் சொல்வார்கள். ‘ஃபாயர்’ என்றும் உச்சரிப்பதுண்டு. போனில் ‘ஃபயர்’ என்று கேட்டுவிடப் போகிறது, கவனம்!

சில கட்டடங்களில் லாபியையும் ஃபாயேவையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். குழப்பமா? ‘ரிசப்ஷன் பக்கத்திலா சார்?’ என்று கேட்டுவிடுங்கள். இன்டர்வியூவுக்கு லேட்டாகாது.