குடும்பப் படங்களும் நினைவேடும்

பழைய றங்குப்பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது "இவர் யார்?" என்ற வினா எழாத வீடு அரிது. அம்மம்மா உயிரோடிருந்த காலத்தில் அவ்வினாவுக்கு உடனே விடை கிடைத்தது. அவர் மறைந்தபின், அதே படம் பெயரறியாத சிலரின் படமாகிவிடுகின்றது. கடதாசி பழுதாகவில்லை, அதனைப் பற்றிய அறிவே அழிந்துவிட்டது. ஆதலின், குடும்ப நினைவேடு ஒன்றை ஆக்க விழைவோருக்கு அல்பம் வாங்குவது முதற்பணியன்று. வீட்டிலுள்ள முதியவரிடம் படங்களைக் கொண்டுசென்று, அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வதே முதற்பணி. மற்றவையெல்லாம் அடுத்த ஆண்டும் செய்யத்தக்கவை, இது அத்தகையதன்று.

ஒரே அமர்வில் நூறு படங்களைக் காட்டி முதியவரைக் களைப்படையச் செய்தல் வேண்டா. பத்துப் படங்கள் போதும். குழுப்படமாயின், வரிசை வரிசையாக இடமிருந்து வலமாகப் பெயர்களைக் குறித்தல் வேண்டும். இங்கே நம்மவர் பெரிதும் தவறுவது ஒன்றுண்டு. "அப்பப்பா", "சின்னம்மா", "குஞ்சியப்பு" என்று முறைப்பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். எழுதியவருக்கு அப்பப்பாவாக இருந்தவர் அவருடைய பேரப்பிள்ளைக்கு யார்? முறைப்பெயர், சொல்பவர் மாற மாறப் பொருள் மாறுவது. எனவே முழுப்பெயர், வீட்டில் அழைத்த செல்லப்பெயர், தந்தையார் பெயர், ஊர் ஆகிய நான்கும் எழுதப்படுதல் நன்று.

முதியவரும் அறியாத படங்களிற் சில தாமே சான்று கூறும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்றியோர் பலர். அவர்கள் அனுப்பிய படங்களின் தடித்த அட்டையில் ஈப்போ, கோலாலம்பூர் முதலிய நகர்களின் படப்பிடிப்பு நிலைய முத்திரை காணப்படுவதுண்டு. அம்முத்திரையும் உடையும் காலத்தை ஓரளவு சுட்டும். மற்றுமொரு சான்று நம்மிடமே உண்டு: அந்தியேட்டி நாளில் அச்சிட்டு வழங்கப்படும் கல்வெட்டு. இறந்தவரின் வரலாறும் வம்சாவளியும் அதிற் காணப்படும். பலர் அதனைப் பழைய பத்திரிகைகளோடு கட்டிப்போடுகின்றனர். நினைவேட்டில் முதலிடம் பெறத்தக்கது அதுவே எனலாம்.

படமே எஞ்சாத வீடுகளும் பல. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட மக்கள் கையிற் கொண்டது சிறிது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது கரையோரத்தார் பலர் உடுத்த உடையோடு ஓடினர். அத்தகைய குடும்பங்கள் மனந்தளர வேண்டியதில்லை. கலியாணப் படங்கள் உறவினர்க்கு அஞ்சலில் அனுப்பப்பட்ட வழக்கத்தால், அவற்றின் பிரதிகள் கனடாவிலோ இலண்டனிலோ ஒருவர் வீட்டு அலுமாரியில் இருத்தல் கூடும். கேட்டெழுதினால் கிடைக்கும். கிடையாதவற்றுக்கும் ஏட்டில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்: சுவரில் எந்தப் படம் தொங்கியது, அதில் யார் நின்றார், யார் இருந்தார், என்ன சேலை உடுத்தியிருந்தார் என்று, பார்த்தவர் நினைவிலுள்ளவாறே எழுதிவைப்பது. வெற்றுப் பக்கத்தினும் அது மேலானது.

இனி ஏட்டின் செய்கை. 1970களிலும் 1980களிலும் பெரிதும் விற்பனையான, பசை பூசிய பக்கத்தின்மேல் பிளாஸ்ரிக் தாள் மூடும் அல்பங்களைத் தவிர்க்க வேண்டும். அப்பசை காலப்போக்கில் மஞ்சளித்துப் படத்தைப் பற்றிக்கொள்ளும். அவற்றில் ஏற்கெனவே இருக்கும் படங்களைப் பிய்த்தெடுக்காது, பக்கத்தோடு பிரதி எடுத்துவிடுவது அறிவுடைமை. அமிலமற்ற தடித்த தாளில், நான்கு மூலைகளையும் முக்கோணக் கடதாசி உறைகளிற் செருகும் பழைய முறையே சிறந்தது. வேண்டியபோது படத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்க்கலாம். சோற்றுப் பசையும் கோந்தும் இராமபாணப் பூச்சிக்கு விருந்தாகும். பழைய படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். மைப்பேனா முன்புறத்திற் கறைபடுத்தும். புதிய வழவழப்பான தாள்களிற் பென்சில் பற்றாது. அவற்றின் குறிப்பை ஏட்டிலேயே எழுதுக. அழகுக்காகப் படத்தைக் கத்தரித்தல் கூடாது. வெட்டி எறிந்த ஓரத்தில் நின்ற வேலியும் கிணறும் பின்னர் வேண்டப்படும்.

நம் நாட்டு ஈரலிப்பிற் பூஞ்சணம் விரைந்து படரும். சுவரோடு ஒட்டிய அலுமாரியின் அடித்தட்டு படங்களுக்கு ஏற்ற இடமன்று. வெள்ளத்தில் நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி உலரவிடப்பட்டாற் பிரிக்கவியலாது. ஈரமாக இருக்கும்போதே தூய தண்ணீரில் மெல்ல அலசிப் பிரித்து, முகம் மேலாக நிழலில் துணிமேற் பரப்புதல் வேண்டும்.

கைத்தொலைபேசியில் ஆயிரம் படங்கள் சேர்வது இந்நாளில் எளிது. அவற்றில் ஆண்டுக்கு இருபதையேனும் அச்சிட்டு ஏட்டிற் சேர்ப்பவர் சிலரே. பழைய படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஒளிவருடிப் பிரதி செய்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேற்றூரிலுள்ள உடன்பிறந்தார் ஒருவரிடமும் வைத்தல் வேண்டும். பிரதிக்குப் பெயரிடும்போது, ஆண்டு, ஊர், உள்ளவர் பெயர் என்ற ஒழுங்கில் இடுவது பின்னர் தேடுவோர்க்கு உதவும்.