நரம்பு வலிக்கு எத்தனை சதவீதம்?

அமெரிக்கப் படையில் பணியாற்றி நரம்புப் பாதிப்போடு வெளியே வருபவருக்கு மாதந்தோறும் என்ன தொகை கிடைக்கும் என்பதை, முன்னாள் படைவீரர் நலத்துறை வழங்கும் ஊனச் சதவீதம்தான் முடிவு செய்கிறது. இடுப்பிலிருந்து கால்வரை ஓடும் சயாட்டிக் நரம்பையே எடுத்துக்கொள்வோம். பாதிப்பு லேசானது என்றால் 10 சதவீதம், மிதமானது 20, அதற்கும் மேல் 40, தசை நன்றாகச் சூம்பிப்போயிருந்தால் 60, பாதம் தொங்கி முழுவதும் செயலிழந்தால் 80. லேசு எங்கே முடிகிறது, மிதம் எங்கே தொடங்குகிறது என்று விதி சொல்லவில்லை. பல வழக்குகளின் வேர் இதுதான்.

மரத்துப்போதல், எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை மட்டும் இருந்தால், மிதத்தைத் தாண்டி மதிப்பிடக் கூடாது என்றும் விதி இருக்கிறது. உள்ளங்கால் எரிச்சலில் இரவெல்லாம் தூங்காதவருக்கும் அதே வரம்புதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் விதி மாறும்வரை, அதற்குள் நின்றுதான் வாதாட வேண்டும்.

ஆகவே மேல்முறையீட்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படிப்பது அவசியம். கணுக்கால் அனிச்சையைத் தட்டிப் பார்த்தார்களா? பாதத்தை மேலே தூக்கும் வலுவைச் சோதித்தார்களா? இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தார்களா? பாதிப்பு வெறும் உணர்வோடு நிற்கவில்லை என்று காட்டுபவை இவைதான்.

முடிவை எதிர்க்க 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள் உள்ளன. நரம்புக் கடத்தல் சோதனை முடிவு போன்ற புதிய ஆதாரம் கையில் இருந்தால் துணைக் கோரிக்கை. படியேறும்போது முன்பாதம் தடுக்கி விழுவதைப் பற்றி மனைவி எழுதித் தரும் கடிதமும் ஆதாரமே. அதிகாரி இருக்கிற ஆவணத்தையே தவறாகப் படித்திருந்தால் உயர்நிலை மறுஆய்வு. அங்கே புதிய ஆதாரம் செல்லாது. மூன்றாவது, மேல்முறையீட்டு வாரிய நீதிபதி. எந்த வழியானாலும், முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போனால்தான் பழைய தேதியிலிருந்து நிலுவை கிடைக்க வழியுண்டு.

வியட்நாமில் பணியாற்றியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏஜென்ட் ஆரஞ்சு நச்சோடு தொடர்புடைய நோய்களின் பட்டியலில் இரண்டாம் வகை நீரிழிவும் இருக்கிறது. அதனால் வந்த நரம்புக் கோளாறைத் தனியாகக் கோரலாம். ஒவ்வொரு காலுக்கும் தனி மதிப்பீடு. இரண்டுக்கும் 20 கிடைத்தால், இரண்டாவதை மீதியின் மேல்தான் கணக்கிடுவார்கள் என்பதால், கூட்டுக்கணக்கில் அது 36. இருபுறப் பாதிப்புக்கான கூடுதலோடு 39.6 ஆகி, 40 என்று முழுமையாக்கப்படும்.

முன்னாள் வீரர் அமைப்புகளின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிகள் கோரிக்கையிலும் மேல்முறையீட்டிலும் உதவுவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. முதல் முடிவு வருவதற்கு முன்பே வழக்கறிஞர் யாராவது பணம் கேட்டால், கொடுக்க வேண்டாம். சட்டம் அதை அனுமதிப்பதில்லை.