தகடு பார்க்கும் கண்

சென்னையின் சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்கு வருகிறவர்கள் கேட்பது விலையைத்தான். ஆங்கிள், சேனல், பீம், சுருள் சுருளாகத் தகடு எனக் கிடங்குக்குக் கிடங்கு இரும்பு. டிரெய்லர் திரும்புகிற இடத்தில் வேடிக்கை பார்த்து நின்றால் யாராவது அதட்டுவார்கள். ஆனாலும் சிற்பம் படிக்கிற ஒருவர் அங்கே அரைநாள் சுற்றலாம். அடுக்கிய குழாய்களின் வட்ட வாய்கள், மழை பட்ட தகட்டில் இறங்கும் துருவின் செம்மஞ்சள், வேண்டிய வடிவத்தை வெட்டியெடுத்த பின் ஓட்டையோடு மிஞ்சும் துண்டு: ஒரு குறிப்பேட்டுக்கு இது தாராளம்.

கலைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் கலையைக் கண்டெடுப்பது சென்னைக்குப் பழகிய வேலை. எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். அதற்குத் தூண்டுதல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டு. விடை சரியா தப்பா என்பது பணிக்கருக்குப் பொருட்டில்லை. எண்ணும் கோடும் பக்கத்தை நிரப்பியிருந்த விதம் பிடித்துப்போனது. ஜாதகக் கட்டங்களும் மலையாள எழுத்தின் சாயலும் பிறகு அந்தக் கான்வாஸ்களில் வந்து சேர்ந்தன.

தகட்டையே கலையாக்கியவர் பி.வி. ஜானகிராம். கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசத்தைப் பக்தர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் அது தட்டி எழுப்பப்பட்ட முறையைப் பார்த்தார். செம்புத் தகட்டைத் தட்டி, வளைத்து, மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, முன்பக்கம் பார்த்து நிற்கும் உருவங்களை உண்டாக்கினார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர். அவரும் உலோகத்தைப் பற்றவைத்தே சிற்பம் செய்தார். பாரிஸில் பிக்காசோ 1942இல் பழைய சைக்கிளின் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தது உலகறிந்த கதை. நம் ஊர்க் காயலாங்கடைகளில் அந்த இரண்டும் எப்போதும் கிடைக்கும்.

கண் மட்டும் இருந்தால் சோறு வந்துவிடுமா? பணிக்கரைச் சுற்றியிருந்த இளைஞர்களுக்கு இந்தக் கவலை நிறைய இருந்தது. அவர்கள் பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். வயிற்றுக்குத் துணி, மனத்துக்கு ஓவியம் எனப் பிரித்துக்கொண்டதால், வாங்குகிறவர் ரசனைக்காகத் தூரிகையை வளைக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்குக் குறைந்தது.